மாவட்டத்தின் பணப்பெட்டி யார் கையில்?

திருவாதவூர் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மாணிக்கவாசகர்தான். பாண்டிய மன்னனிடம் மந்திரியாக இருந்தவர். குதிரை வாங்கி வரச் சொல்லி அரசன் கொடுத்த பணத்தை திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்து விட்டார் என்பது கதை. அப்புறம் நரி பரியானது, வைகையில் வெள்ளம் வந்தது, பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் மதுரைப் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பக்தர்கள் இதை பக்தியாகப் படிக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் பி.காம். படிக்கிற எனக்கு இந்தக் கதையில் இன்னொரு விஷயமும் கண்ணில் படுகிறது. அரசனுக்குக் குதிரை முக்கியம். மந்திரிக்குக் கோயில் முக்கியம். அந்தப் பணம் யாரோ ஒரு குடியானவன் கட்டிய வரி. அவனுக்கு எது முக்கியம் என்று கதை முழுக்கத் தேடினாலும் யாரும் கேட்கவில்லை!

கணக்குப் பாடத்தில் எந்தச் செலவுச் சீட்டைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார்கள். பணம் யாருடையது? கையெழுத்து யாருடையது? செலவு யாருக்காக? இந்த மூன்று கேள்வியையும் வைத்துக்கொண்டு, நம் மாவட்டத்தை வளர்ப்பதற்காக என்று சொல்லி ஏற்படுத்தப்பட்ட அமைப்புகளின் கதையைப் பார்க்கலாம் என்று தோன்றியது. சுமார் 150 வருடக் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

வெள்ளைக்காரன் காலத்து போர்டு

சென்னை மாகாணத்தில் 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. நிலவரியோடு சேர்த்து ஒரு செஸ், சாலையில் போகும் வண்டிக்குச் சுங்கம் என்று உள்ளூரில் வசூல் செய்து, சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்றவற்றுக்குச் செலவழிக்க ஒரு போர்டு. தலைவர் கலெக்டர். உறுப்பினர்கள் சர்க்கார் நியமிப்பவர்கள். மூன்று கேள்விக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. பணம் ஊர்க்காரனுடையது, கையெழுத்து கலெக்டருடையது, செலவு எதற்கு என்று தீர்மானிப்பதும் அவரே.

1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தன் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளூர் போர்டுகளில் அதிகாரிகள் அல்லாதவர்களே அதிகம் இருக்க வேண்டும், முடிந்தவரை தலைவரும் அவர்களில் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்து 1884-இல் சென்னை மாகாணத்துக்கு ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்குக் கீழே யூனியன் என்று மூன்று அடுக்கு. பெயர்ப்பலகை மாறியது. தலைவர் நாற்காலியில் வெகுகாலம் கலெக்டரே உட்கார்ந்திருந்தார். 1920 சட்டத்துக்குப் பிறகுதான் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக வந்தார்கள். அப்போதும் ஓட்டுரிமை எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிறவர்கள், சொத்து உள்ளவர்களுக்குத்தான்.

இருந்தாலும் அந்த ஜில்லா போர்டுகளை லேசாக நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் மாவட்டத்து மக்களிடம் ரயில்வேக்கென்று தனி செஸ் வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894-இல் ரயில் பாதையே போட்டது! இன்றைக்கு ஒரு மாவட்ட ஊராட்சி சொந்தமாக ரயில் விடப் போகிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? சொந்த வருமானம் உள்ள அமைப்பு என்ன செய்ய முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு உதாரணம் நம் பக்கத்து ராமநாதபுரம் ஜில்லா. அந்தக் காலத்தில் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டார்கள். பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக வந்தபோது, அப்படி ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பஸ் அதே பஸ். ரோடு அதே ரோடு. போர்டு கையில் இருந்த லைசென்ஸ் அதிகாரமும் முன்பே இருந்ததுதான். அதை யாருக்காகப் பயன்படுத்துவது என்று நினைக்கிற ஆள் மட்டும் மாறினார்.

ஆக, ரயில் பாதை சொல்லும் பாடம் பணம். பஸ் சொல்லும் பாடம் ஆள். இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் ஒரு வளர்ச்சி அமைப்பு அந்த வட்டார மக்களுக்கு உபயோகமாகிறது. நான் சொல்ல வருவது மொத்தமும் இவ்வளவுதான். மீதிக் கதை, இந்த இரண்டும் எப்படி எப்படிப் பிரிந்து போயின என்பது.

1958: போர்டு போனது, யூனியன் வந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பித்தது. அதிகாரிகள் திட்டம் போட்டார்கள், மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் மக்கள் கலந்துகொள்ளவில்லை என்று ஆராய பல்வந்த்ராய் மேத்தா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1957 நவம்பரில் அறிக்கை வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பைக் கொடுங்கள், அப்போதுதான் மக்கள் வருவார்கள் என்றது அறிக்கை.

அப்போது இங்கே முதலமைச்சர் காமராஜர். 1958-இல் சென்னை ஊராட்சிச் சட்டமும் மாவட்ட வளர்ச்சி மன்றச் சட்டமும் வந்தன. ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டன. வட்டார அளவில் பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. நம் பக்கத்து ஊர்களில் இன்றைக்கும் 'யூனியன் ஸ்கூல்', 'யூனியன் ரோடு', 'யூனியன் ஆபீஸ்' என்று சொல்வது அந்தக் காலத்து மிச்சம். பள்ளிக்கூடம், கிணறு, சின்னச் சின்ன ரோடு என்று யூனியன்கள் நிறையவே செய்தன. பள்ளிக்கூடம் ஊருக்குப் பக்கத்தில் வந்ததால்தான் எங்கள் தாத்தா தலைமுறையில் பலர் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

ஆனால் மாவட்ட அளவில் என்ன வந்தது? கலெக்டர் தலைமையில் மாவட்ட வளர்ச்சி மன்றம். அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும். 1871-இல் ஆரம்பித்த வட்டம் சுற்றி அதே நாற்காலிக்கு வந்து நின்றது. ஜில்லா போர்டிடம் இருந்த சொந்த வருமானமும் மாவட்ட மட்டத்திலிருந்து போய்விட்டது.

யூனியனும் ரொம்ப நாள் நிம்மதியாக இருக்கவில்லை. 1970-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1986-இல்தான். கட்சி எதுவாக இருந்தாலும் இந்த விஷயத்தில் ஒற்றுமை. :) இடையில் தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். 1981-இல் யூனியன் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது நல்லதுதான், சம்பளமும் பாதுகாப்பும் உறுதியானது. யூனியன் கையிலிருந்த மிகப் பெரிய பொறுப்பு மட்டும் அதோடு கோட்டைக்குப் போனது. 1986-இல் வந்தவர்கள் 1991-இல் போனார்கள். மறுபடியும் தனி அலுவலர், 1996 வரை.

1993: ஒரே வருடத்தில் இரண்டு காரியம்

1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப்படி இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பணம் பிரித்துக் கொடுக்க மாநில நிதி ஆணையம். தமிழ்நாடு 1994-இல் தன் ஊராட்சிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு 2016-இல் பெண்களுக்கு 50 சதவீதமாக உயர்த்தியது.

கூடவே வந்த 74-ஆவது திருத்தத்தில் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. கிராமமும் நகரமும் போடும் திட்டங்களை ஒன்று சேர்த்து மாவட்டம் முழுமைக்கும் ஒரு வரைவுத் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குத் தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், துணைத் தலைவர் கலெக்டர். 1958-ஐ அப்படியே தலைகீழாக்கிய ஏற்பாடு! காகிதத்தில் பார்த்தால் 150 வருடக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். அதே 1993 டிசம்பரில் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதித் திட்டம் ஆரம்பமானது. முதலில் ஒரு எம்.பி.க்கு 5 லட்சம், அடுத்த வருடமே 1 கோடி, 1998-99-இல் 2 கோடி, 2011-12-இல் 5 கோடி. எம்.எல்.ஏ.க்களுக்கும் இதே மாதிரி மாநில நிதி வந்தது. சமுதாயக் கூடம், ரோடு, பஸ் நிழற்குடை... எல்லாம் உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலைகள். ஏப்ரலில் ஊராட்சிக்கு அதிகாரம் என்று சொல்லிவிட்டு, டிசம்பரில் அதே வேலைக்குத் தனிப் பணப்பெட்டி திறந்தாகிவிட்டது.

அது போதாதென்று, 1980-களிலிருந்து மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குத் தலைவர் கலெக்டர். மத்திய, மாநிலத் திட்டங்களின் பணம் பெருமளவு அந்த வழியாகத்தான் போய்வந்தது. மாவட்ட ஊராட்சிக்கோ வரி போடும் அதிகாரமே கிடையாது. நிதி ஆணையத்தின் பேரில் கிராமப்புறத்துக்கு வரும் பங்கிலும் அதற்குச் சுமார் 8 சதவீதம்தான். மீதி கிராம ஊராட்சிக்கும் யூனியனுக்கும்.

ஆக ஒரே மாவட்டத்தில் மூன்று அறைகள். ஒரு அறையில் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய மாவட்ட ஊராட்சி. இன்னொரு அறையில் திட்டம் போடச் சொல்லப்பட்ட திட்டக் குழு. மூன்றாவது அறையில் பணம். எந்தக் கம்பெனியாவது இப்படி நடந்தால் ஆடிட்டர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அந்த நாற்காலியின் விலை

'அதிகாரமே இல்லாத பதவிக்கு எதுக்குப்பா இவ்வளவு பேச்சு?' என்று சிலர் கேட்கலாம். மதுரை மாவட்டத்துக்காரன் அப்படிக் கேட்க முடியாது.

நாங்கள் இருக்கும் இதே மேலூர் தாலுகாவில் மேலவளவு இருக்கிறது. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பல தடைகளுக்குப் பிறகு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ஆம் தேதி மதுரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அவரும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அதே மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் பத்து வருடம், அதாவது 1996-இலிருந்து 2006 வரை, ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி செயல்படவே விடப்படவில்லை. தேர்தல் நடக்காது. நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில், அப்போது மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரனும் அரசும் எடுத்த முயற்சியில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். 2021 அக்டோபர் 2-இல் முதலமைச்சர் ஸ்டாலின் கிராம சபைக் கூட்டத்துக்குப் பாப்பாபட்டிக்கே போனார்.

ஊராட்சித் தலைவர் என்றால் கண்மாய் மீன் ஏலம், புளியமர ஏலம், தெருவிளக்கு, குழாய், வேலைக்கு ஆள் எடுப்பது. ஊரின் பொதுச்சொத்தை யார் அனுபவிப்பது என்பதில் ஒரு கை. காலம் காலமாக அந்த ஏலத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று ஏலத்தை நடத்தும் இடத்துக்கு வந்தால் சிலருக்குப் பொறுக்கவில்லை. எதிர்த்தவர்களுக்கு அந்த நாற்காலியின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. சீர்திருத்தம் என்பதை சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவாக மட்டும் பார்க்க முடியாமல் போவது இதனால்தான். ஒரு மனிதன் அதற்காக உயிரைக் கொடுத்திருக்கிறான். அப்படிக் கிடைத்த நாற்காலிக்கு முன்னால் காலிப் பணப்பெட்டியை வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்?

ஒரு கண்டத்தின் கதை

நம் மாவட்டத்துக் கேள்வி ஒன்றும் நமக்கு மட்டுமானது கிடையாது. ஒரு கண்டமே இதைக் கேட்டிருக்கிறது.

ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற காலத்தில், 1963 ஆகஸ்டில், சூடான் தலைநகர் கார்ட்டூமில் கூடி ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியை உருவாக்க ஒப்பந்தம் போட்டார்கள். விதி என்ன தெரியுமா? சுதந்திர ஆப்பிரிக்க நாடுகள் மட்டுமே பங்குதாரர். வெளியார் பணம் வந்தால் வெளியார் சொல்லும் வந்துவிடும் என்ற பயம். காலனி ஆட்சியை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஏழை நாடுகள் மட்டும் சேர்ந்து போட்ட மூலதனம் எவ்வளவு தாங்கும்? தேவை மலை அளவு, பணம் மடு அளவு.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1982-இல் வெளி நாடுகளுக்குக் கதவைத் திறந்தார்கள். இந்தியாவும் அப்படிச் சேர்ந்த நாடுதான். 2017-இல் அந்த வங்கியின் ஆண்டுக் கூட்டம் நம் குஜராத்தின் காந்திநகரில் நடந்தது. கதவைத் திறக்கும்போது அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தலைவர் ஆப்பிரிக்கராகவே இருக்க வேண்டும், தலைமையகம் ஆப்பிரிக்காவிலேயே இருக்க வேண்டும், ஓட்டுகளில் பெரும்பான்மை ஆப்பிரிக்க நாடுகளிடமே இருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் வங்கியின் கடன் ஆப்பிரிக்காவின் தேவைக்குப் போகிறதா, பணம் போட்டவர்களின் விருப்பத்துக்குப் போகிறதா என்ற வாதம் அங்கே ஓயவில்லை. ஆனால் வாதாடுவதற்கு அவர்களிடம் ஓட்டு இருக்கிறது.

நம்மிடம் நடந்தது வேறு. சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வரும் பணத்தோடு அது எதற்கு என்ற தலைப்பும் சேர்ந்தே வருகிறது. கண்மாய் மடை உடைந்து கிடக்கும் ஊருக்குக் கழிப்பறைத் திட்டம் வரும். கழிப்பறை வேண்டும் என்ற ஊருக்கு விளையாட்டுத் திடல் வரும். எது முதலில் என்று சொல்லும் ஓட்டு மாவட்டத்திடம் இல்லை.

என்ன செய்யலாம்?

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 1996-இல் மக்கள் திட்டம் என்று ஆரம்பித்து, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். முதலில் பணத்தை ஒதுக்கினார்கள், பிறகு கிராம சபையில் உட்கார்ந்து திட்டம் போடச் சொன்னார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் பணம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஜனங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள்.

எனக்குத் தோன்றுவது மூன்று. ஒன்று, மாவட்ட ஊராட்சிக்கும் யூனியனுக்கும் தலைப்புப் போடாத நிதி ஒரு கணிசமான பங்கு வர வேண்டும். இரண்டு, மாவட்டத் திட்டக் குழு போடும் திட்டம் பட்ஜெட்டுக்கு முன்னால் தயாராகி, எம்.பி., எம்.எல்.ஏ. நிதி உட்பட மாவட்டத்துக்குள் வரும் எல்லாப் பணமும் அதில் காட்டப்பட வேண்டும். ஒரே பேரேடு, எல்லோரும் பார்க்கலாம். மூன்று, தேர்தல் தேதி தவறக் கூடாது. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் பணப்பெட்டி மறுபடியும் பழைய கைக்கே போய்விடும்.

மூன்றாவதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? 2016-இல் நடக்க வேண்டிய தேர்தல், உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்ததால் நின்றது. எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருடம் தனி அலுவலர். அப்படி வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. அடுத்த தேர்தல் நடத்தாமலேயே மீண்டும் தனி அலுவலர்களை நியமித்தார்கள்.

அந்த ஜனவரியில் மேலூர் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் ஒரு நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்தப் பரப்புக்குள் இருந்தது. அறிவிப்பதற்கு முன்னால் எங்கள் ஊர்களை யாரும் கேட்கவில்லை. ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-இல் சட்டசபையும் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். 5-ஆம் தேதி அந்த ஊர்களின் ஊராட்சித் தலைவர்கள் பதவி முடிந்து வெளியேறுகிறார்கள். 7-ஆம் தேதி அதே ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலையில் நடக்கிறார்கள். தங்களுக்கு எது முக்கியம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு அமைப்பு இருந்திருக்க வேண்டும், கையெழுத்துப் போட ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால் கால் வலிக்க மதுரை வரை நடந்து சொன்னார்கள். இந்த முறை கேட்டார்கள். கண்மாய் மடைக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஆயிரம் பேர் தல்லாகுளம் வரை நடக்க முடியுமா?

உங்கள் மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது, என்ன திட்டம் போட்டது என்று உங்களுக்குத் தெரியுமா நண்பர்களே? தெரியாவிட்டால் அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். கேட்பதற்குக் காசு வேண்டாம்.